ஐயா ஓட்டின புல்லட் 350, பத்து வருஷத்துக்கு மேல நிக்குது: பிரிக்காம எழுப்ப முடியுமா?

கானாடுகாத்தான்_தம்பி

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். ஊர் வீட்டு கார் ஷெட்டுல ஐயா ஓட்டின புல்லட் 350 நிக்குது. 86 மாடல், 6 வோல்ட், பாயின்ட் செட் (ஸ்பார்க்குக்காகச் சேர்ந்து பிரியுற தொடுமுனை), கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கார்பரேட்டர் மிக்கார்ப். வீட்டை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும்தான் திறப்போம், மத்த நாள் பூட்டியே கிடக்கும். வண்டி பத்து வருஷத்துக்கு மேல ஓடல.

இப்ப நிலைமை இதுதான். கிக்கர் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்னுடுது. நாலாம் கியர்ல போட்டுத் தள்ளினா பின் வீல் சுத்தாம இழுத்துக்கிட்டு வருது. டேங்க் மூடியைத் திறந்தா வார்னிஷ் வாடை, டார்ச் அடிச்சா உள்ளே செம்மண் நிறத்துல துரு. ஆயில் மூடியைக் கழட்டிப் பார்த்தா ஆயிலே இல்ல. ரெண்டு டயர்லயும் பக்கவாட்டுல வெடிப்பு. ஆர்.சி. புக் ஐயா பேர்ல இருக்கு, ஐயா காலமாயிட்டாங்க.

வந்து பார்த்த மெக்கானிக் எஞ்சினை இறக்கி போர் போட்டே (சிலிண்டரை உள்ளே கடைஞ்சு பெருசாக்கியே) ஆகணும்னு சொல்றாரு. பிரிக்காமலே எழுப்ப வழி இருக்கா? 12 வோல்ட், எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னாடி டிஸ்க் பிரேக் இதெல்லாம் கையோட போட்டுடலாமான்னும் ஒரு யோசனை. எதை முதல்ல செய்யணும், எதைச் செய்யவே கூடாதுன்னு சொல்லுங்க.

பாயின்ட்_கேப்

தம்பி, முதல்ல கிக்கர் மேல ஏறி நிக்கிறதை நிறுத்துங்க. ஜாம் ஆன எஞ்சின்ல வெயிட்டைப் போட்டு மிதிச்சா கிக்கர் பல்லுதான் உடையும். அப்புறம் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டியதாயிடும்.

நிக்கிற எஞ்சின் ஜாம் ஆகுறதும் போர் தேய்றதும் ஒண்ணு இல்ல. வண்டி நிறுத்தினப்ப எந்த வால்வு திறந்திருந்ததோ அது வழியா, சைலன்ஸர் பக்கமோ கார்பரேட்டர் பக்கமோ, ஐப்பசி கார்த்திகை ஈரக்காத்து உள்ளே போயிருக்கும். வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்), பிஸ்டன்ல வார்ப்பிரும்பு ரிங்கு. ரெண்டும் சேர்ற இடத்துல துரு ஒட்டிக்கிட்டிருக்கும். பெரும்பாலும் ஊற வச்சாலே விட்டுடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழட்டுங்க. டீசல் பாதி, பவர் ஸ்டியரிங் ஆயில் பாதி கலந்து 30 மில்லி பிளக் ஓட்டை வழியா ஊத்துங்க. புல்லட் பேரல் நேரா நிக்கிறதால பிஸ்டன் தலை முழுக்கப் பரவி நிக்கும். ஒரு நாள் விடுங்க. மறுநாள் வத்தியிருந்தா இன்னொரு 20 மில்லி. அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நாலாம் கியர்ல வச்சு, பின் வீலைக் கையால முன்னும் பின்னுமா அசைச்சுக் கொடுங்க. அசைவுதான் வேலை செய்யும், பலம் தேவையில்ல. ரிங்கு விட்டதும் வீல் திடீர்னு சுத்தும், அந்தக் கலவை பிளக் ஓட்டை வழியா பீச்சி அடிக்கும். முகத்தைத் தள்ளி வச்சு, ஓட்டை மேல துணியைப் போட்டுக்குங்க.

நாலஞ்சு நாள் ஆகியும் அசையலேன்னா ஹெட்டையும் பேரலையும் தூக்குங்க. எஞ்சினை ஃப்ரேம்ல இருந்து இறக்கவே வேண்டாம். பேரல் உள்சுவர்ல நகத்தை வச்சு மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா துரு குழி பறிச்சிருக்குன்னு அர்த்தம், 20 ஓவர் (0.020 அங்குலம் பெரிய) பிஸ்டனுக்கு போர் போடணும். மாட்டலேன்னா ஹோனிங் பண்ணி (உள்சுவரை லேசா உரசி) புது ரிங்கு போதும். மெக்கானிக் சொல்றது சரியா தப்பாங்கிறது அந்த நகத்துல தெரிஞ்சுடும், பார்க்காம போர் போட வேண்டாம். ஒவ்வொரு போரும் பேரலோட ஆயுசுல ஒரு பங்கை எடுத்துடும்.

அடுத்து ஆயில். ஆயில் இல்லேன்னு சொல்றீங்க, அது எங்கேயும் போயிருக்காது. இந்த எஞ்சின்ல ஆயில் டேங்கும் கிராங்க் கேஸும் ஒரே வார்ப்புல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. வண்டி மாசக்கணக்குல நின்னா ஆயில் பம்ப் இடுக்கு வழியா கசிஞ்சு டேங்க்ல இருந்து கிராங்க் கேஸுக்கு இறங்கிடும். மேலே பார்த்தா காலி, கீழே ரெண்டு லிட்டர் நிக்கும். காலின்னு நினைச்சு புது ஆயிலை ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா ஃப்ளைவீல் ஆயில்லயே மூழ்கிச் சுத்தும். ப்ரீதர் (எஞ்சின் காத்து வெளியே போற குழாய்) வழியா ஆயில் கக்கும், தெருவே வெள்ளைப் புகையா நிறையும். இதைப் பார்த்துத்தான் நிறைய பேர் ரிங்கு போச்சுன்னு முடிவு கட்டுறாங்க.

அதனால எஞ்சின் அடியில இருக்குற, ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டு எல்லாத்தையும் கழட்டி ஒரு ராத்திரி முழுக்க வடிய விடுங்க. நீங்க ஊத்தின டீசலும் இதோட போயிடணும், ஒரு சொட்டுகூட தங்கக் கூடாது. எஞ்சினை டீசல் ஊத்திக் கழுவுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு, அதைச் செய்யாதீங்க. மூலையில தங்குற டீசல் புது ஆயிலை நீர்க்கடிச்சுடும். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடோட கீழ்முனை பேரிங்குக்கு) அதுதான் கெடுதல். விலை குறைஞ்ச ஆயிலை ஊத்தி 50 கிலோமீட்டர் ஓட்டி இறக்கிட்டு நல்ல ஆயில் ஊத்துறது எவ்வளவோ மேல். 20டபிள்யூ50 கிரேடு, ரெண்டேகால் லிட்டர். வலது பக்க டைமிங் கவர்ல ஃபெல்ட் ஃபில்டர் இருக்கு, அதையும் மாத்துங்க. உள்ளே இருந்து வர்ற ஸ்பிரிங்கு, வாஷர் எல்லாத்தையும் எந்த வரிசையில வந்ததோ அதே வரிசையில துணி மேல அடுக்கி வைங்க. ஒரு வாஷர் இடம் மாறினாலும் ஆயில் வடிகட்டப்படாம பக்கவாட்டுல போயிடும். ட்ரெயின் போல்ட்டை அளவோட முறுக்குங்க, அலுமினிய மரை, அத்து வந்துடும்.

டேப்பட்டுக்கு (வால்வு இடைவெளிக்கு) பீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கிற தகடு, வேண்டாம். கம்ப்ரஷன்ல பிஸ்டன் உச்சியில நிக்கணும், எஞ்சின் குளிர்ந்திருக்கணும். பேரல் பக்கத்துல இருக்குற டேப்பட் கவரைத் திறந்தா ரெண்டு புஷ்ராடு தெரியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரலால பிடிச்சா புஷ்ராடு லேசா சுழலணும், ஆனா மேலே கீழே ஆட்டம் இருக்கக் கூடாது. இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் இதே அளவுதான். சூடானா பேரல் நீண்டு இடைவெளி தானா வந்துடும். சத்தம் கேக்கக் கூடாதுன்னு இறுக்கி வச்சா வால்வு முழுசா மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப் போகும்.

பாயின்ட் முகம் ரெண்டையும் நைஸ் உப்புத்தாள்ல தேய்ச்சு, பெட்ரோல் தொட்ட துணியால துடைங்க. தூளோ எண்ணெயோ இருந்தா ஸ்பார்க் வராது. கேப் 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். டைமிங், அட்வான்ஸ் இல்லாத நிலையில பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி பாயின்ட் பிரியணும். பாயின்ட் நடுவுல சிகரெட் பாக்கெட் தாளைச் செருகி லேசா இழுத்துக்கிட்டே எஞ்சினை மெதுவா சுத்துங்க. தாள் விடுபடுற கணம்தான் பாயின்ட் பிரியுற கணம். பிளக் ஓட்டை சாய்வா இருக்கு, அதனால ஸ்போக் கம்பி விட்டு அளக்கிறது தோராயம்தான். சந்தேகம் வந்தா கொஞ்சம் லேட்டா வைங்க. அட்வான்ஸ் கூடினா கிக்கர் திருப்பி அடிச்சு கணுக்காலைப் பதம் பார்த்துடும். பிளக் கேப் 0.5ல இருந்து 0.6. கண்டென்சரைக் கேள்வி கேக்காம புதுசு போடுங்க. கண்டென்சர் செத்திருந்தா பாயின்ட்ல நீலமா பொறி பறக்கும், வண்டி குளிர்ல ஸ்டார்ட் ஆகி சூடானதும் நின்னுடும்.

ஸ்டார்ட் பண்ற முறை. ராக்கர் கவர் ரெண்டையும் திறந்து ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ஆயில் ஊத்தி மூடுங்க. பிளக் இல்லாம பத்து இருபது தடவை கிக்கரை இறக்கி ஆயிலை ஓட விடுங்க. அப்புறம் பிளக்கை மாட்டி, சாவியைப் போட்டு, ஆம்ப்மீட்டரைப் பார்த்துக்கிட்டே கிக்கரை மெதுவா கையால இறக்குங்க. பாயின்ட் சேர்ந்திருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கர் கனக்குற இடம் வந்ததும் டிகம்ப்ரஸரை (கம்ப்ரஷனை வெளியே விடுற லீவரை) பிடிச்சு இன்னும் கொஞ்சம் இறக்குங்க. முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, ஒரே நீள மிதி. குத்தி மிதிக்கக் கூடாது, கால் கடைசி வரை இறங்கணும். ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க.

ஓடின உடனே ராக்கருக்குப் போற ஆயில் பைப்போட பான்ஜோ போல்ட்டை ஹெட் பக்கம் அரைச் சுத்து தளர்த்திப் பாருங்க. அந்தப் பைப்புக்கு ரிட்டர்ன் பம்ப்புதான் ஆயில் தள்ளுது. கிராங்க் கேஸை வடிச்சுட்டதால அங்கே ஆயில் வந்தா ஃபீட் பம்ப், ரிட்டர்ன் பம்ப் ரெண்டுமே வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டு நிமிஷத்துல வரலேன்னா எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க.

மாற்றங்களைப் பத்தி: முதல்ல கம்பெனி கொடுத்த நிலையில 500 கிலோமீட்டர் ஓட்டுங்க. எது பழுது, எது அந்த வண்டியோட இயல்புன்னு அப்பதான் தெரியும். வயரிங், இக்னிஷன், பிரேக் மூணையும் ஒரே நேரத்துல மாத்திட்டு ஸ்டார்ட் ஆகலேன்னா எங்கே தேடுறது?

ஆச்சி_கேரேஜ்

எஞ்சின் சொல்லியாச்சு, நான் டேங்கும் கார்பரேட்டரும் சொல்றேன்.

உள்ளே இருக்குற பழைய பெட்ரோலை வடிச்சு வண்டியில திரும்ப ஊத்தாதீங்க. சாக்கடையிலயும் ஊத்த வேண்டாம், நம்ம ஊர்ல வீட்டுத் தண்ணியும் தெருத் தண்ணியும் ஓடிச் சேர்ற இடம் ஊரணி. பழைய ஆயிலையும் கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் வாங்குறவங்க கிட்ட கொடுத்துடுங்க.

டேங்கைக் கழட்டி, பெட்ரோல் டாப்பையும் மூடியையும் எடுத்துடுங்க. டாப் ஓட்டையில ரப்பர் கார்க் வச்சு அடைங்க. சோப்புத் தூள் போட்ட வெந்நீரால ரெண்டு தடவை அலசணும். பெட்ரோல் பிசின் படிஞ்சிருக்குற துரு மேல மருந்து பிடிக்காதுப்பா, நிறைய பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போயிடுறாங்க. துரு செதில் செதிலா இருந்தா ஸ்டெயின்லெஸ் நட்டு ஒரு கைப்பிடி உள்ளே போட்டுக் குலுக்குங்க. எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க. உள்ளே ஒண்ணு தங்கினாலும் பின்னாடி டாப்பை அடைக்கும்.

அப்புறம் எலுமிச்சை உப்பு. லிட்டருக்கு 100 கிராம், டேங்க் சுமார் 14 லிட்டர், ஆக ஒண்ணரை கிலோ வாங்குனா சரியா இருக்கும். கை பொறுக்குற சூட்டுத் தண்ணியில கரைச்சு விளிம்பு வரை ஊத்துங்க. பாதி ஊத்தினா தண்ணிக்கு மேலே இருக்குற பாகத்துல துரு இன்னும் வேகமா ஏறும். 12 மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, தகரம் சாம்பல் நிறமாத் தெரிஞ்சா போதும். தெரியலேன்னா இன்னும் விடலாம், ஆனா 24 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதுக்கு மேல போனா துருவோட தகரத்தையும் அரிக்க ஆரம்பிக்கும். கக்கூஸ் கழுவுற ஆசிட் ஊத்துற வேலை வேண்டவே வேண்டாம், அது தையல் ஓரத்துல தங்கி ஓட்டை போடும்.

வடிச்ச உடனே லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணியால அலசி, நல்ல தண்ணியில ஒரு தடவை அலசி, அப்படியே வெயில்ல கவிழ்த்துக் காய வைங்க. நம்ம பங்குனி சித்திரை வெயில் ஒரு மணி நேரத்துல காய வச்சுடும். காயுற நேரத்துலயே மஞ்சளா மெல்லிசா ஒரு துரு வரும். வராம இருக்க, வெதுவெதுப்பா இருக்கும்போதே 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊத்தி எல்லாப் பக்கமும் புரட்டுங்க. உள்பூச்சு பூசுறதை நான் ஆதரிக்க மாட்டேன். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பூச்சு உரிஞ்சா தோல் தோலா வந்து ஜெட்டுக்குள்ள உக்காரும். துருவைக் கழுவி எடுக்கலாம், உரிஞ்ச பூச்சை எடுக்க டேங்கையே வெட்டணும்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு. இந்த வேலையை முகப்புலயோ பட்டாலையிலயோ வளவுலயோ செய்யாதீங்க. தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்லு சிமெண்ட்ல செய்யுறது. எலுமிச்சை உப்புத் தண்ணி ஒரு சொட்டு விழுந்து கொஞ்ச நேரம் நின்னாலும் மினுமினுப்பு போய் வெளிறின தழும்பு விழுந்துடும், தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் திரும்பாது. சுண்ணாம்புச் சுவருக்கும் அதே கதிதான். தோட்டத்துப் பக்கம் மண் தரையில, தார்ப்பாய் விரிச்சுச் செய்யுங்க. எஞ்சின் ஆயில் வடிக்கும்போதும் அப்படியே. கல்லு ஆயிலைக் குடிச்சுடுச்சுன்னா கறை உள்ளே இறங்கிடும்.

கார்பரேட்டரைப் பிரிச்சா கிண்ணத்துல பழுப்பா அரக்கு மாதிரி படிஞ்சிருக்கும். ஸ்ப்ரே கிளீனர் அடிச்சு ஊற வைங்க. பைலட் ஜெட் ஓட்டையில ஊசி, குண்டூசி விடவே கூடாது. பித்தளை மிருது, ஓட்டை பெருத்தா ஐடிலிங் என்னைக்குமே நிக்காது. பழைய வயர்ல இருந்து ஒத்தைச் செம்புக் கம்பியை உருவி அதை விட்டு எடுங்க. ஃப்ளோட் நீடில், கிண்ணத்துப் பேக்கிங், பெட்ரோல் ட்யூப் மூணும் புதுசு. ட்யூப் வாங்கும்போது எத்தனால் தாங்குமான்னு கேட்டு வாங்குங்க. சாதாரண ட்யூப் ஒரு வருஷத்துல கல்லா இறுகி வெடிக்கும், நேர் கீழே சூடான எஞ்சின் இருக்கு. ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடி ஒண்ணரைச் சுத்துத் திறந்து ஆரம்பிங்க, சூடானதும் கேட்டுச் சரி பண்ணிக்கலாம்.

ஆறு_வோல்ட்

12 வோல்ட்டுக்கு அவசரப்படாதீங்க. பேட்டரியை மட்டும் மாத்துனா இக்னிஷன் காயில் கொதிக்கும், பல்ப் எல்லாம் போகும். காயில், ரெக்டிஃபையர், ரெகுலேட்டர், ஹாரன், எல்லா பல்பும் மாத்தணும். 6 வோல்ட் மங்கலா எரியுறதுக்கு முக்கால்வாசி காரணம் எர்த். பேட்டரியில இருந்து ஃப்ரேமுக்கும், ஃப்ரேம்ல இருந்து எஞ்சினுக்கும் போற வயரோட நுனியைக் கழட்டி, அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டி, பளபளன்னு ஆக்கி முறுக்குங்க. 6 வோல்ட் வண்டியில அரை வோல்ட் எங்கேயாவது தொலைஞ்சா அது பெரிய நஷ்டம்.

நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 6.3, 6.4 வோல்ட் காட்டணும். எஞ்சின் வேகமா ஓடும்போது 7க்கு மேல, 7.2 வரை போனா சார்ஜ் ஆகுது. சாவியைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணாம விட்டுடாதீங்க, பாயின்ட் சேர்ந்திருந்தா காயிலும் பேட்டரியும் சேர்ந்து போகும்.

வயரிங்கை எலி கடிச்சிருக்கான்னு ஹெட்லைட் கூட்டுக்குள்ளயும் சீட்டுக்குக் கீழயும் பாருங்க. பூட்டின வீட்டுல இது நிச்சயம்னே வச்சுக்கலாம். சைலன்ஸருக்குள்ளயும் ஏர் ஃபில்டர்லயும் அணில் நார் அடைச்சிருக்கும்.

கோட்டையூர்_ராஜ்தூத்

எல்லாம் சரி. ஒரு தடவை எழுப்பின பிறகு மறுபடி இந்த நிலைமைக்கு வராம இருக்க ஒரே வழி, வீட்டைப் பார்த்துக்கிறவர் கிட்ட சாவியைக் கொடுத்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்றது. வண்டின்னா ஓடிக்கிட்டே இருக்கணும்.

முன் பிரேக்கைப் பத்தி: டிஸ்க் போடுறதுக்கு முன்னாடி இருக்குற டிரம்மைச் சரியா வேலை செய்ய வைங்க. லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்துப் போயிருக்கும், புதுசு போடுங்க. டிரம்ல இருக்குற தூசியைக் காத்து அடிச்சு ஊதாதீங்க. அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத்துணியால துடைச்சு எடுக்கணும். கேபிள் புதுசு போட்டாலே பாதி பிரேக் திரும்பி வந்துடும். டயர் 3.25-19 ரெண்டுக்கும், ட்யூபோட சேர்த்து மாத்துங்க. வெடிச்ச டயர்ல தெருமுனை வரைகூட ஓட்டக் கூடாது. புதுசு வாங்கும்போது பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். கடையிலயே பழசாகிப் போன டயரைத் தலையில கட்டிடுவாங்க.

பாயின்ட்_கேப்

பிரேக், டயர் விஷயத்துல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் மட்டும் வேண்டாம்ணே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளியே வருது. வண்டி ஓடி எஞ்சின் நல்லா சூடானா அந்த ஆவி வெளியே போயிடும். அஞ்சு நிமிஷ ஐடிலிங்ல சைலன்ஸர் சூடாகுறதுக்குள்ள நிறுத்திடுறோம். ஆவி தண்ணியாகி சைலன்ஸர்லயும், ரிங்கு தாண்டி கிராங்க் கேஸ்லயும் தங்கிடும். ஆயில் மூடிக்கு உள்பக்கம் மோர் நிறத்துல பசை படியுதே, அது இந்தத் தண்ணிதான். வாரா வாரம் இப்படிச் செஞ்சா சைலன்ஸர் உள்ளிருந்து அரிச்சு ஓட்டை விழும். 6 வோல்ட் வண்டியில ஐடிலிங்ல சார்ஜும் ஏறாது, பேட்டரியும் இறங்கிக்கிட்டே போகும்.

பதினஞ்சு இருபது கிலோமீட்டர் ஓட்ட ஆள் இருந்தா ஓட்டச் சொல்லுங்க. இல்லேன்னா தொடவே வேண்டாம், நிறுத்தி வைக்கிற முறையில நிறுத்துங்க. டாப்பை மூடி, எஞ்சின் தானா நிக்கிற வரை ஓட விட்டு கார்பரேட்டரைக் காலி பண்ணுங்க. டேங்க்லயும் பெட்ரோல் வேண்டாம், வடிச்சுட்டு டூ ஸ்ட்ரோக் ஆயில் புரட்டி விடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்துல தண்ணி தனியாப் பிரிஞ்சு அடியில உக்காந்துடும். பிளக் ஓட்டையில 5 மில்லி எஞ்சின் ஆயில். கடைசியா கம்ப்ரஷன் உச்சியில பிஸ்டனை நிறுத்துங்க, ரெண்டு வால்வும் மூடியிருக்கும், காத்து உள்ளே போக வழி இருக்காது. இப்ப உங்க எஞ்சின் ஜாம் ஆனதுக்குக் காரணமே இது இல்லாததுதான். பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க. சைலன்ஸர் வாயில துணி அடைச்சு, அதை ஞாபகப்படுத்த கிக்கர்ல ஒரு சிவப்புத் துணி கட்டுங்க. சென்டர் ஸ்டாண்டுக்குக் கீழே பலகை. மேலே பழைய வேட்டியோ பருத்திப் படுதாவோ போர்த்துங்க, பிளாஸ்டிக் போட்டா உள்ளே வேர்த்துக் கொட்டும்.

கோட்டையூர்_ராஜ்தூத்

சைலன்ஸர் விஷயம் ஒத்துக்கிறேன், நம்ம பக்கம் சைலன்ஸர் எப்பவும் அடிப்பக்கம்தான் அரிச்சு விழுது. அப்ப வீட்டைப் பார்த்துக்கிறவர் மாசம் ஒரு தடவை சாவி போடாம, டிகம்ப்ரஸர் பிடிச்சு நாலு தடவை கிக்கரை இறக்கி, கிளட்சை ரெண்டு தடவை பிடிச்சு விடட்டும். ரிங்கும் ஒட்டாது, கிளட்ச் பிளேட்டும் ஒட்டாது. முடிச்சதும் கிக்கர் கனக்குற இடத்துல விட்டுடச் சொல்லுங்க, நீங்க சொன்ன உச்சிக்குப் பக்கத்துல நிக்கும்.

ஃபாரம்_31

வண்டியைத் தெருவில் இறக்குவதற்கு முன் காகித வேலை. உரிமையாளர் காலமாகிவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற படிவம் 31, காலாவதியான பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இவற்றோடு உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். வண்டியை நேரில் பரிசோதிப்பார்கள். விளக்கு, ஹாரன், பிரேக் மூன்றும் அன்று வேலை செய்ய வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று இன்றைக்கே பென்சிலால் தாளில் தேய்த்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள். பட்டியும் உப்புத்தாளும் எண்ணை மழுக்கிவிட்டால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். கிராங்க் கேஸை மாற்றும் யோசனை எதுவும் வேண்டாம், எஞ்சின் எண் அதில்தான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வயதைக் கடந்த வண்டிகளுக்கு மட்டுமே. 86 மாடலுக்கு 2036 வரை அந்தப் பேச்சு இல்லை. கிடைத்தாலும் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டும்தான். ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

கானாடுகாத்தான்_தம்பி

அண்ணே, எஞ்சின் விட்டுடுச்சு! சொன்ன மாதிரியே துணியெல்லாம் நனைஞ்சு பீச்சி அடிச்சுது. ட்ரெயின் போல்ட்டைக் கழட்டினதும் ரெண்டு லிட்டருக்குக் குறையாம கறுப்பு ஆயில் வந்தது. டேங்க் இப்ப எலுமிச்சை உப்புல ஊறுது, தோட்டத்துப் பக்கம்தான் வச்சிருக்கேன் ஆச்சி.

ஒரு சந்தேகம். கிளட்ச் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை இறக்கினாலும் எஞ்சின் சுத்துது. கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கா, இல்ல கேபிள் பிரச்சனையா?

பாயின்ட்_கேப்

ரொம்ப சந்தோஷம் தம்பி. புல்லட்ல கிக்கர் கிளட்ச் வழியாத்தான் எஞ்சினைச் சுத்துது. கிளட்ச் பிடிச்சும் எஞ்சின் சுத்தினா, ஒண்ணு கேபிள் தொய்வு, இல்ல பிளேட் ஒட்டு. முதல்ல லீவர் முனையில ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல தொய்வு இல்லாம கேபிளைச் சரி பண்ணுங்க. அப்புறம் லீவரை ஹேண்டில்பாரோட சேர்த்துக் கயித்தால கட்டி ஒரு ராத்திரி விட்டு, காலையில அப்படியே நாலஞ்சு தடவை கிக்கரை மிதிங்க. லேசா ஒட்டியிருந்தா ‘டக்’னு விட்டு கிக்கர் சும்மா இறங்கும்.

விடலேன்னா இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்துட்டு பிரைமரி கவரைத் திறங்க. நடுவுல ஒரே நட்டுதான். கீழே தட்டு வைங்க, 400 மில்லிக்கு மேல ஆயில் வரும். ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கழட்டி பிளேட்டை ஒவ்வொண்ணா, வந்த வரிசை மாறாம எடுங்க. இரும்பு பிளேட்டைக் கண்ணாடித் துண்டு மேல வச்சு அழுத்திப் பாருங்க, ஆடினா கோணியிருக்கு, மாத்தணும். துரு மட்டும்னா உப்புத்தாள் போதும். லைனிங் பிளேட் கருகியிருந்தா செட்டாவே மாத்துங்க. திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரே அளவு முறுக்கிட்டு, லீவரைப் பிடிச்சுப் பாருங்க. பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாயாம நேரா வெளியே வரணும். சாய்ஞ்சா எந்தப் பக்கம் பின்தங்குதோ அந்தப் பக்கம் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தணும்.

கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினை நடுவுல விரலால அழுத்திப் பாருங்க, ஆறு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா சரி. கவர் ரப்பரைப் புதுசு போட்டு நடு நட்டை அளவோட முறுக்குங்க. ஒழுகுதேன்னு மேல மேல முறுக்கினா கவர் உள்வாங்கி இன்னும் ஒழுகும். ஆயில் அதே 20டபிள்யூ50, லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வச்சுக்கிட்டு மெதுவா ஊத்துங்க. அந்த ஓட்டையில எட்டிப் பார்த்ததும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல போனா கிளட்ச் வழுக்கும்.